வெட்டாத பிராங்கோ, வெட்டின பிராங்கோ

பழைய வண்டி விற்பனை விளம்பரங்களை மேய்வது என்னுடைய கெட்ட பழக்கங்களில் ஒன்று. வாங்கப் போவது கிடையாது, வாங்கினாலும் நிறுத்த இடம் கிடையாது. சும்மா படிப்பேன். அதிலும் 1966-லிருந்து 1977 வரை வந்த ஃபோர்டு பிராங்கோ விளம்பரங்களில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்: "அன்கட்". வெட்டப்படாதது. எதை வெட்டவில்லை? பின்சக்கரத்துக்கு மேலே இருக்கிற மட்கார்டை.

எஞ்சின் நல்லா இருக்கு, துரு இல்லை என்று சொன்னால் புரியும். இங்கே விற்கிறவர் சொல்லும் முதல் பெருமையே, தனக்கு முன்னால் வண்டியை வைத்திருந்தவர்கள் ஒரு காரியத்தைச் செய்யாமல் விட்டார்கள் என்பது. அவ்வளவு பேர் அந்தக் காரியத்தைச் செய்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? ஏன் வெட்டினார்கள், இப்போது ஏன் வெட்டாததைத் தேடுகிறார்கள் என்று பார்க்கப் போய், இந்தக் கட்டுரை வரைக்கும் வந்து நிற்கிறது.

இந்தச் சொல் எனக்கு முதலில் அறிமுகமானது ஆன்சைட் போயிருந்த காலத்தில். எங்கள் டீமில் இருந்த ஒரு அமெரிக்கர், ஐம்பதைத் தாண்டியவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். கராஜில் ஒரு 1966 பிராங்கோ. அவருடைய அப்பா எழுபதுகளில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மட்கார்டு வெட்டியிருந்தது, அதுவும் கோணலாக. இடது பக்கம் ஒரு வளைவு, வலது பக்கம் வேறு வளைவு. "எங்கப்பா பண்ணின வேலை" என்றார். அதைப் பெருமையாகச் சொன்னாரா, சங்கடப்பட்டாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவரிடம் கடைசியில் திரும்ப வருகிறேன்.

முதலில் இந்த வண்டி எதற்காகப் பிறந்தது என்று பார்த்துவிடலாம். அறுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சின்ன நாலு சக்கர டிரைவ் வண்டி என்றால் இரண்டு பெயர்தான். ஒன்று ஜீப் சிஜே-5. (நம்ம ஊர் மகேந்திரா ஜீப்பும் அதே வில்லிஸ் வம்சம்தான்.) இன்னொன்று, டிராக்டர் செய்துகொண்டிருந்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1961 மாடலாக இறக்கிய ஸ்கவுட். ஃபோர்டு இந்த இரண்டையும் வைத்திருந்தவர்களிடமே போய்க் கருத்துக் கேட்டது. சத்தம், அதிர்வு, தூக்கிப் போடுவது என்று புகார்கள் வந்தன. காட்டுக்கும் போகணும், ஹைவேயிலும் முதுகு உடையாமல் ஓடணும், அப்படி ஒரு வண்டிக்கு இடம் இருக்கிறது என்று புரிந்தது. ஃபோர்டில் இதை முன்னெடுத்தவர் டொனால்ட் ஃப்ரே. மஸ்டாங் காரிலும் பெரும் பங்கு அவருடையது. ஒப்புதல் கொடுத்தவர் லீ அயகோக்கா.

இன்னொருவர் மெக்கின்லி தாம்ப்சன் ஜூனியர். 1956-ல் ஃபோர்டில் சேர்ந்தவர், அந்த நிறுவனத்தின் முதல் கறுப்பின வடிவமைப்பாளர். 1963-ல் அவர் போட்ட ஓவியம் ஒன்று இருக்கிறது. சதுரமான பாடி, சக்கரங்களை முன்னும் பின்னும் ஓரத்துக்குத் தள்ளி வைத்த நிற்பு, திறந்த மேல்பகுதி என்று பிராங்கோவின் முகஜாடை அதிலேயே தெரிகிறது. அவர் பெயர் பரவலாகத் தெரியவந்தது அவர் இறந்து பல வருஷம் கழித்து, 2020 வாக்கில், ஃபோர்டு புதிய பிராங்கோவைக் கொண்டுவந்தபோதுதான்.

1965 ஆகஸ்டில் அறிவித்து, 1966 மாடலாக விற்பனைக்கு வந்தது. மிச்சிகன் மாநிலம் வெய்னில் இருந்த டிரக் ஆலையில் கட்டினார்கள். அதில் சிக்கனம் எங்கெங்கே இருந்தது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கண்ணாடி எல்லாம் தட்டை, வளைந்த கண்ணாடியே கிடையாது. கீல் பொருத்துவதற்கு முன்னால் இடது கதவின் வெளித்தகடும் வலது கதவின் வெளித்தகடும் ஒரே அச்சுதான். அடித்தளம் நேரான பெட்டிச் சட்டம். மூன்று கியர், அம்பாசிடர் மாதிரி ஹேண்ட் கியர். எஞ்சின் 170 கன அங்குல ஆறு சிலிண்டர். சில மாதம் கழித்து 289 வி8 கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று வந்தது. பாடி மூன்று விதம்: கதவும் கூரையும் இல்லாத ரோட்ஸ்டர், பின்னால் சின்னத் தொட்டி உள்ள அரைக் கேபின், முழுக் கூரை போட்ட வேகன்.

கஞ்சத்தனம் இல்லாத ஒரே இடம் முன் சஸ்பென்ஷன். ஜீப்புக்கும் ஸ்கவுட்டுக்கும் முன்னால் பட்டை ஸ்பிரிங் இருந்தபோது, பிராங்கோவுக்குக் காயில் ஸ்பிரிங் கொடுத்தார்கள். முதுகுவலிப் புகார்களுக்கான பதில் அது.

இப்போது மட்கார்டு. ஆலையிலிருந்து வந்த டயர் மெலிசானது, சுமார் 27 அங்குல உயரம்தான். அதுக்கு ஏற்ற மாதிரி பின்சக்கர வாயும் சின்னதாக, அழகாக, சக்கரத்தின் தலையை மூடுகிற மாதிரி இருந்தது. பார்க்க லட்சணம். ஆனால் பாறையிலும் மணலிலும் ஓட்டுகிறவனுக்குப் பெரிய டயர் வேணும். தரையிலிருந்து உயரம் கிடைக்கும், காற்றைக் குறைத்தால் மணலில் பரந்து நிற்கும். 31, 33 அங்குலம் போட்டால், வண்டி குதிக்கிறபோது டயர் மேலே வந்து மட்கார்டு விளிம்பில் இடிக்கும். முன்பக்கம் ஓரளவு சமாளிக்கலாம். பின்பக்கம் தகடு வழிவிட்டே ஆகணும். ரம்பத்தை எடுத்தார்கள், அறுத்தார்கள். அறுத்த இடத்தின் மேல் ஃபைபர் வளையம் வைத்து ஸ்க்ரூ போட்டு மூடினார்கள். சிலர் மூடவே இல்லை. அறுபட்ட விளிம்பு வெறும் இரும்பு, அங்கிருந்து துரு ஏற ஆரம்பித்தது.

இதை யாரோ நாலு பேர் கிறுக்குத்தனமாகப் பண்ணியதாக நினைக்க வேண்டாம். வழிகாட்டியவர்கள் பெரிய ஆட்கள். மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பம் கிட்டத்தட்ட 1,300 கிலோமீட்டர் பாலைவனம். வடக்கிலிருந்து லா பாஸ் ஊர் வரை அதன் குறுக்கே மெக்சிகன் 1000 என்ற பந்தயம் 1967-ல் ஆரம்பித்தது. பகிகளும் மோட்டார் சைக்கிள்களும் ஆண்ட அந்தப் பந்தயத்தில், 1969-ல் ராட் ஹாலும் லாரி மைனரும் ஒரு பிராங்கோவை ஓட்டிவந்து எல்லாப் பிரிவுகளையும் சேர்த்து முதலிடம் பிடித்தார்கள். ஃபோர்டுக்காகப் பந்தய பிராங்கோக்களைத் தயார் செய்தவர் கலிஃபோர்னியா லாங் பீச்சில் பட்டறை வைத்திருந்த பில் ஸ்ட்ராப்பி. இண்டியனாபொலிஸ் 500 ஜெயித்த பார்னெல்லி ஜோன்ஸும் அவரும் கூட்டாளிகள்.

அந்தப் புகழை விற்பனையாக்க, 1971-லிருந்து "பாஹா பிராங்கோ" என்று ஒரு சிறப்பு வகையையே ஃபோர்டு டீலர்கள் விற்றார்கள். ஆலையில் முழுசாகக் கட்டின வண்டி ஸ்ட்ராப்பியின் பட்டறைக்குப் போகும். அங்கே மட்கார்டை அறுத்து, அகலமான வளையம் மாட்டி, பெரிய டயர் போட்டு, சிவப்பு, வெள்ளை, நீலம் அடித்து அனுப்புவார்கள். புது வண்டியை அறுத்து, கூடுதல் காசு வாங்கிக்கொண்டு, ஃபோர்டு பெயரிலேயே கொடுத்தார்கள். இதைப் பார்த்த சாதாரண ஆள் தன் வீட்டு வாசலில் ரம்பத்தை எடுத்ததில் என்ன தப்பு?

இதே ஜோடியின் இன்னொரு வண்டி 'பிக் ஆலி'. ஒலிம்பியா பீர் கம்பெனி ஸ்பான்சர், அதனால் அந்தப் பெயர். தலைக்கு மேலே விமான இறக்கை மாதிரி ஒரு பலகை. 1971, 1972 இரண்டு வருஷமும் மெக்சிகன் 1000-ஐ ஜெயித்தது. பார்த்தால் பிராங்கோ. உள்ளே ஆலைச் சேஸிஸே கிடையாது, குழாய் வளைத்து வெல்டிங் செய்த கூடு. மேலே ஃபைபரும் அலுமினியமும். 2021-ல் அது ஏலத்துக்கு வந்தபோது 18.7 லட்சம் டாலருக்குப் போனது. ஏலத்தில் அவ்வளவு தொகையைத் தொட்ட ஒரு 'பிராங்கோ'வில் ஃபோர்டு ஆலையின் பிராங்கோ ரொம்பக் கொஞ்சம் என்பதை நான் ரசித்துப் படித்தேன்.

நடுக்கதை சுருக்கமானது. 1969-ல் ஷெவர்லே பிளேசர் வந்தது. பெரிய பிக்கப்பைக் குறுக்கிச் செய்த வண்டி, உள்ளே இடமும் சொகுசும் அதிகம். ஜனங்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். ஃபோர்டு 1977-ல் சின்ன பிராங்கோவை நிறுத்திவிட்டு, 1978-ல் தன் பெரிய பிக்கப்பின் மேல் புது பிராங்கோவைக் கட்டியது. 12 வருஷத்தில் வந்த முதல் தலைமுறை வண்டிகள் இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். அவை மலிவான பழைய வண்டிகளாகி, வேட்டைக்கும் பண்ணைக்கும் பனி தள்ளவும் காலேஜ் பையன்கள் கைக்கும் போயின. மலிவான வண்டியை யாரும் யோசித்து வெட்டுவதில்லை.

பிறகு அந்தக் காலேஜ் பையன்களுக்கு வயசாகி, கையில் காசும் வந்தது. விலை ஏற ஆரம்பித்ததும்தான் "அன்கட்" என்ற சொல்லுக்கு மதிப்பு. வெட்டாத வண்டி அபூர்வம், அதனால் விலை அதிகம். சரி. ஆனால் சந்தை சும்மா இருக்குமா? வெட்டின பக்கவாட்டுத் தகட்டை எடுத்துவிட்டு வெல்டிங் பண்ண, அச்சு அசலான புதுத் தகடு கிடைக்க ஆரம்பித்தது. அப்புறம் முழு பாடியே புதுசாகக் கிடைத்தது. ஆக வெட்டாத தோற்றத்தைக் காசு கொடுத்து வாங்கலாம் என்றானது. இப்போது விளம்பரங்கள் ஒரு படி மேலே போய், "ஆலையில் போட்ட அதே தகடு, வெட்டாதது" என்று எழுதுகின்றன. போலி வந்ததும் அசலுக்கு இன்னொரு அடைமொழி தேவைப்படுகிறது, தேன் பாட்டிலில் "சுத்தமான" என்று எழுதுகிற மாதிரி.

இன்னொரு பக்கம் ரெஸ்டோமாட் என்கிற கூட்டம். வெளியே 1970, உள்ளே இன்றைக்கு. ஃபோர்டிடம் லைசென்ஸ் வாங்கி இதைச் செய்த நிறுவனங்களே உண்டு. புது பாடி, தற்கால ஃபோர்டு 5.0 லிட்டர் வி8, ஆட்டோமேட்டிக் கியர், ஏசி, நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். விலை ஒன்றரை லட்சம் டாலரைச் சாதாரணமாகத் தாண்டும். 1966-ல் ரோட்ஸ்டரின் ஆரம்ப விலை 2,194 டாலர். ஒரு தற்செயல்: அந்தப் புது எஞ்சினின் கொள்ளளவும் 302 கன அங்குலம், 1969-லிருந்து பிராங்கோவில் வந்த பழைய வி8-ம் 302. எண் ஒன்று, மற்றபடி ஒரு போல்ட்டுகூடப் பொருந்தாது.

அப்படிச் செய்த வண்டியில் பழசு என்று என்ன மிச்சம்? பல நேரம் சேஸிஸில் அடித்த எண்தான். அந்தக் கால எண் 11 எழுத்து. 'யு15' என்றால் வேகன், 'யு14' அரைக் கேபின், 'யு13' ரோட்ஸ்டர். அடுத்த எழுத்து எஞ்சின், அதற்கடுத்த 'எல்' மிச்சிகன் டிரக் ஆலை, கடைசி ஆறும் வரிசை எண். சட்டத்தின் கண்ணில் வண்டி என்பது இந்த எண். கலிஃபோர்னியாவில் 1975-க்கும் அதற்கு முந்தைய மாடல்களுக்கும் புகைப் பரிசோதனை கிடையாது. அதனால் எல்லாமே மாறியிருந்தாலும் எண் 1970 என்று சொன்னால் அது பழைய வண்டி. நம்ம பாஷையில் சொன்னால், உள்ளே இருக்கும் கோட் முழுக்க மாறிவிட்டது, பிரைமரி கீ மட்டும் அதே.

இதில் எனக்குச் சண்டை ஒன்றும் இல்லை. காசு இருக்கிறவர் தனக்குப் பிடித்ததைக் கட்டிக்கொள்கிறார். துரு தின்று தரை ஓட்டையான வண்டியை அப்படியே விட்டால் அது இன்னும் பத்து வருஷத்தில் மண்ணாகத்தான் போகும். எனக்கு உறுத்துவது வேறு இடத்தில்.

ஃபோர்டு வண்டிகளுக்கு "மார்ட்டி ரிப்போர்ட்" என்று ஒன்று உண்டு. கெவின் மார்ட்டி என்பவர் ஃபோர்டின் உற்பத்திப் பதிவுகளை லைசென்ஸ் வாங்கி வைத்திருக்கிறார். வண்டி எண்ணைக் கொடுத்துக் காசு கட்டினால், என்றைக்குக் கட்டினது, எந்த நிறம், என்னென்ன கூடுதல் சாமான், எந்த டீலருக்குப் போனது என்று அச்சடித்துத் தருவார்கள். ஜாதகம் மாதிரி. ஒரு வண்டி நிஜமான பாஹா பிராங்கோவா, பின்னால் எவனோ பெயின்ட் அடித்ததா என்பதற்கும் இதைத்தான் பார்ப்பார்கள். வெட்டினது என்பதற்கே சான்றிதழ் கேட்கிற அதிசயம்! ஆனால் அந்தப் பதிவுகள் ஆரம்பிப்பது 1967 மாடலிலிருந்து. பிராங்கோவின் முதல் வருஷமான 1966 அதில் இல்லை.

அப்படியென்றால் ஒரு 1966 பிராங்கோ எந்த நிறத்தில் ஆலையை விட்டு வந்தது, என்ன மாட்டியிருந்தது என்று எங்கே போய்ப் பார்ப்பது? வண்டியிலேயே பார்க்க வேண்டியதுதான். பெயின்டின் அடுக்குகள். சோதனை பண்ணின தொழிலாளி சாக்பீஸாலும் பெயின்டாலும் இட்ட அடையாளங்கள். ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளின் இடைவெளி. அப்புறம் ஓட்டைகள். முன்னால் நாலு ஓட்டை இருந்தால் பனி தள்ளும் பலகை மாட்டியிருக்கலாம், டாஷ்போர்டுக்குக் கீழே இரண்டு இருந்தால் சிபி ரேடியோ. அந்த வண்டிக்கு இரும்பைத் தவிர வேறு ஆவணம் கிடையாது.

முழுசாக ரெஸ்டோர் பண்ணும்போது முதலில் செய்வது என்ன? பாடியைக் கழற்றி, மணலையோ அது மாதிரி துகளையோ பீய்ச்சியடித்து, வெள்ளை இரும்பு தெரியும் வரை சுத்தம் பண்ணுவார்கள். ஓட்டைகளை வெல்டிங்கால் அடைத்து, பட்டி பார்த்து, வழவழவென்று பெயின்ட். நம்ம ஊர்க் கோயில் திருப்பணிகளில் சுவரைச் சுத்தம் பண்ணுகிறோம் என்று இதே மணல்வீச்சை வைத்து, கல்வெட்டு எழுத்துகளைத் தேய்த்த கதை இங்கே படிக்கிற பலருக்குத் தெரியும். அப்புறம் அதற்குத் தடை வந்தது. வண்டிகளுக்கு அப்படி யாரும் தடை போடப் போவதில்லை, போடவும் முடியாது, தனி ஆள் சொத்து. ஆனாலும் பெபிள் பீச் மாதிரியான பெரிய கார் கண்காட்சிகளில், ரெஸ்டோர் பண்ணாமல் அப்படியே காப்பாற்றிய வண்டிகளுக்கென்று தனிப் பிரிவு வந்துவிட்டது. வெடித்த பெயின்டோடு, கிழிந்த சீட்டோடு வந்து நிற்கும். விலை உயர்ந்த கார்கள் உலகத்தில் நடந்தது டிரக் உலகத்துக்கும் மெதுவாக வருகிறது.

அப்படிப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: "வெட்டாதது அசல், வெட்டினது கெட்டுப்போனது" என்ற கணக்கே சரியில்லை. பெரும்பாலான பிராங்கோக்கள் எப்படி வாழ்ந்தன என்பதற்கு அந்த வெட்டுதான் சாட்சி. வெட்டாத வண்டி ஃபோர்டு என்ன நினைத்தது என்று சொல்கிறது. வெட்டின வண்டி, வாங்கினவன் அதை என்ன செய்தான் என்று சொல்கிறது. இரண்டாவது தகவல் எந்த ஆலைப் பதிவிலும் இருக்காது. பத்து வண்டியில் ஒன்பதைப் பழையபடி வெட்டாததாக ஒட்டிவைத்தால், ஐம்பது வருஷம் கழித்துப் பார்க்கிறவன், எல்லாரும் பளபளப்பான நீல நிற பிராங்கோவில் 27 அங்குல டயரோடு கடற்கரைக்குப் போய் வந்தார்கள் என்றுதான் நினைப்பான்.

ஃபோர்டுக்கு இந்த வரலாறு நன்றாகத் தெரியும் போல. 2020-ல் அறிமுகமான புதிய பிராங்கோவில் ஆலையிலிருந்தே 35 அங்குல டயர் கேட்டு வாங்கலாம். மட்கார்டு வளையங்களும் சுலபமாகக் கழற்றி மாட்டுகிற மாதிரி. ரம்பத்துக்கு இனி வேலை இல்லை.

என் நண்பர் விஷயம். அவர் அந்த 1966 வண்டியை ரெஸ்டோர் பண்ண ஒரு பட்டறையில் விலை கேட்டிருந்தார். புதுப் பக்கத்தகடு இரண்டையும் வெல்டிங் பண்ணி "அன்கட்" ஆக்கிவிடலாம், விற்கும்போது போட்டதற்கு மேல் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். கணக்குப் படி அது சரிதான். வேலைக்கு அனுப்பும் முன்னால் ஃபைபர் வளையத்தை அவரே கழற்றியிருக்கிறார். வெட்டு விளிம்புக்கு அரை அங்குலம் மேலே, பெயின்டில் ஆணியால் கீறின ஒரு வளைகோடு இருந்தது. அப்பா குறித்துக்கொண்ட கோடு. இடது பக்கம் கோட்டை விட்டு விலகி, கை நடுங்கி அறுத்திருக்கிறார். வலது பக்கம், பழகிவிட்டது போல, கோட்டை ஒட்டியே போயிருக்கிறது. முதலில் இடது பக்கம்தான் அறுத்திருக்கணும் என்று எனக்கு மெயில் போட்டிருந்தார், கூடவே இரண்டு படம்.

போன டிசம்பரில் இன்னொரு படம் அனுப்பினார். தரைத் தகடு புதுசு, பிரேக் குழாய்கள் புதுசு, டயரும் புதுசு, 31 அங்குலம். மட்கார்டு அப்படியே இருக்கிறது. வெட்டின விளிம்பில் மட்டும் துருவைச் சுரண்டிவிட்டு, கோட்டின் மேல் படாமல், பிரஷ்ஷால் பிரைமர் அடித்திருக்கிறார்.